சுழலும் பேனரில் ஒவ்வொரு படத்துக்கும் தனி இணைப்பு: புதியவர்களுக்கான வழிகாட்டி

படம் மாறுகிறது, இணைப்பு மாறவில்லை. சுழலும் பேனரை முதன்முறையாகச் செய்துபார்ப்பவர்களில் பலரும் வந்து முட்டிக்கொள்ளும் இடம் இதுதான். முகப்பில் மூன்று படங்கள் சில விநாடிகளுக்கு ஒருமுறை ஒழுங்காக மாறிக்கொண்டிருக்கும். ஆனால் எதைச் சொடுக்கினாலும் ஒரே பக்கம்தான் திறக்கும். சில வேளைகளில் முதல் படத்தைச் சொடுக்கியவர் இரண்டாம் படத்துக்குரிய பக்கத்தில் போய் நிற்பார். இரண்டுக்கும் வேர் ஒன்றே. படத்தைச் சுழற்ற வேண்டும் என்று நினைத்து வேலையைத் தொடங்குகிறோம். உண்மையில் சுழற்ற வேண்டியது படத்தைத் தனக்குள் வைத்திருக்கும் இணைப்பை.

இந்தக் கட்டுரையைப் பின்தொடர எச்டிஎம்எல் பக்கம் ஒன்றைத் திறந்து திருத்தத் தெரிந்திருந்தால் போதும். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸிலும் அதை இயங்கவைக்கும் ஜாவாஸ்கிரிப்டிலும் தேர்ச்சி வேண்டியதில்லை. குறிச்சொற்களையும் பண்புகளையும் இங்கே ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். உங்கள் கோப்பில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் எழுத வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் சில சொற்களின் நடுவே பேரெழுத்து வரும், அதை அந்தந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். எடுத்துக்காட்டாக ஒரு நூலகத்தின் இணையதளத்தை வைத்துக்கொள்வோம். அதன் பேனரில் மூன்று படங்கள்: புதிதாக வந்த நூல்கள், உறுப்பினர் சேர்க்கை, இம்மாத நிகழ்ச்சிகள். ஒவ்வொன்றும் தனக்குரிய பக்கத்தைத் திறக்க வேண்டும்.

எந்த வழிகள் உதவாது

முதலில் கைவிட வேண்டிய வழிகளைப் பார்த்துவிடலாம், ஏனெனில் பழைய குறிப்புகளில் இவை இன்னமும் கண்ணில் படுகின்றன. மூன்று படங்களையும் சேர்த்து ஓர் அசையும் ஜிஃப் கோப்பாகச் செய்துவிட்டால் சுழற்சி எளிதில் கிடைத்துவிடும். ஆனால் உலாவியைப் பொறுத்தவரை அது ஒரே படம், ஆகவே அதற்கு ஒரே இணைப்புதான். இந்த நொடியில் ஜிஃப்புக்குள் இருக்கும் எந்தப் படம் திரையில் இருக்கிறது என்பதை உலாவி பக்கத்துக்குச் சொல்வதில்லை. படத்தின் இடப்பாதிக்கு ஓர் இணைப்பு, வலப்பாதிக்கு வேறோர் இணைப்பு என்று பிரிக்கும் இமேஜ் மேப் என்ற வசதியும் இதற்கு உதவாது. அது இடத்தைப் பிரிக்குமே தவிர நேரத்தைப் பிரிக்காது. அசையும் படங்களுக்கு ஒரு காலத்தில் பயன்பட்ட ஃபிளாஷ் என்ற மென்பொருள் வழியே செய்த பேனர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். அடோபி நிறுவனம் ஃபிளாஷ் பிளேயருக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்திவிட்டது.

அடுத்த வழிதான் சற்று ஏமாற்றக்கூடியது. பக்கத்தில் ஒரே ஓர் இணைப்பையும் அதற்குள் ஒரே ஒரு படத்தையும் வைத்துவிட்டு, குறித்த நேரத்துக்கு ஒருமுறை ஜாவாஸ்கிரிப்ட் மூலம் படத்தின் முகவரியை மாற்றுவது. இணைப்பு மாறவில்லை என்று தெரிந்ததும், கூடவே இணைப்பின் முகவரியையும் மாற்றும்படி இன்னொரு வரியைச் சேர்ப்பார்கள். சோதித்துப் பார்த்தால் வேலை செய்வது போலவே தோன்றும். ஆனால் நிரல் இரண்டு முகவரிகளையும் ஒரே நொடியில் மாற்றினாலும் விளைவு ஒரே நொடியில் வருவதில்லை. இணைப்பின் முகவரி உடனே மாறிவிடுகிறது. படமோ இறங்கி முடியும் வரை பழைய படமே திரையில் நிற்கிறது. மெதுவான இணைய வசதியில் இந்த இடைவெளி ஓரிரு விநாடிக்கு நீளலாம். அந்த நேரத்தில் ‘புதிய நூல்கள்’ படத்தைப் பார்த்துச் சொடுக்குபவர் ‘உறுப்பினர் சேர்க்கை’ பக்கத்துக்குப் போய்விடுகிறார். உங்கள் கணினியில் படங்கள் ஏற்கெனவே இறங்கியிருப்பதால் இந்தக் கோளாறு உங்கள் கண்ணில் படவே படாது.

மூன்று படங்களுக்கும் தனித்தனியாக மூன்று இணைப்புகளைப் பக்கத்திலேயே எழுதிவைத்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் காட்டினால் இந்தச் சிக்கல் எழுவதற்கே வழியில்லை. படமும் முகவரியும் ஒன்றாகவே தோன்றும், ஒன்றாகவே மறையும். ஒருவர் சுட்டியின் பொத்தானை அழுத்துவதற்கும் விடுவதற்கும் இடைப்பட்ட கணத்தில் பேனர் மாறினால் என்ன ஆகும் என்று கேட்கலாம். அழுத்தியது ஓர் இணைப்பின் மேல், விட்டது வேறோர் இணைப்பின் மேல் என்றால், உலாவி அந்தச் சொடுக்கை இரண்டையும் உள்ளடக்கிய வெளிப்பெட்டியின் கணக்கில் சேர்த்துவிடும். எந்தப் பக்கமும் திறக்காது. தவறான பக்கம் திறப்பதைவிட எதுவும் திறக்காமல் இருப்பது மேல் என்பது என் கருத்து.

படங்களைத் தயார் செய்தல்

மூன்று படங்களும் ஒரே அகல, உயர அளவில் இருக்க வேண்டும். 1600 பிக்சல் அகலமும் 600 பிக்சல் உயரமும் பெரும்பாலான தளங்களுக்குப் பொருந்தும். அளவு வேறுபட்டால் ஒவ்வொரு மாற்றத்திலும் பேனருக்குக் கீழே உள்ள எழுத்துகள் மேலும் கீழும் குதிக்கும். படித்துக்கொண்டிருப்பவருக்கு இதைப் போன்ற எரிச்சல் வேறில்லை. ஒளிப்படங்களை வெப்பி அல்லது ஜேபெக் வடிவில் சேமிக்கலாம். ஒரு படம் 200 கிலோபைட்டுக்குள் அடங்கும்படி நான் பார்த்துக்கொள்வேன்; கேமராவிலிருந்து வந்த ஐந்து மெகாபைட் கோப்பை அப்படியே ஏற்றிவிட்டு, பேனர் ஏன் திணறுகிறது என்று வியப்பதில் பொருளில்லை.

படத்துக்குள் எழுத்துகளைப் பொறிப்பதைப் பற்றி ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1600 பிக்சல் அகலப் படத்தில் 40 பிக்சல் உயரத்தில் ஒரு தலைப்பை எழுதியிருக்கிறீர்கள்; கணினித் திரையில் அது எடுப்பாகத் தெரிகிறது. அதே படம் 360 பிக்சல் அகலமுள்ள கைபேசித் திரையில் 135 பிக்சல் உயரத்துக்குச் சுருங்கும்போது அந்த எழுத்து 9 பிக்சல் ஆகிவிடும். அந்த அளவில் புள்ளி எது, மேல் விலங்கு எது என்று பிரித்தறிய முடியாது. ‘பதிவு’ என்பதும் ‘பதவி’ என்பதும் ஒன்று போலத் தெரியும். ஆகவே தலைப்பைப் படத்தில் பொறிக்காமல், இணைப்புக்குள்ளேயே படத்துக்குக் கீழே சாதாரண எழுத்தாக வைப்பது நல்லது. கைபேசிக்கென்று உயரம் கூடிய தனிப் படம் தயாரிக்க முடிந்தால், ‘பிக்சர்’ என்ற குறிச்சொல்லின் உதவியால் திரை அகலத்துக்கேற்ப வெவ்வேறு கோப்புகளைக் காட்டலாம். முதல் பேனருக்கு அது கட்டாயமில்லை.

கோப்புகளுக்குப் பெயரிடும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துகள், எண்கள், இடைக்கோடு ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விண்டோஸ் கணினி பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் ஒன்றாகவே கொள்ளும். பெரும்பாலான தளங்கள் இயங்கும் லினக்ஸ் சர்வர் இரண்டையும் வேறு வேறாகக் கருதும். கேமரா தந்த கோப்பின் பின்னொட்டு பேரெழுத்தில் இருக்க, நீங்கள் நிரலில் சிற்றெழுத்தில் எழுதியிருந்தால், வீட்டில் தெரிந்த படம் தளத்தில் ஏற்றியதும் காணாமல் போகும்.

முதல் படி: எச்டிஎம்எல்

பக்கத்தில் பேனர் வர வேண்டிய இடத்தில் ஒரு ‘டிவ்’ பெட்டியைத் திறந்து, அதற்குக் கிளாஸ் பெயராகப் ‘பேனர்’ என்று கொடுங்கள். இந்தப் பெயரைத் தமிழ் எழுத்திலேயே தரலாம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். கிளாஸ் பெயர்களிலும் ஜாவாஸ்கிரிப்டின் மாறிப் பெயர்களிலும் தமிழ் எழுத்துகளை உலாவிகள் தடையின்றி ஏற்கின்றன. கோப்பை யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமித்திருக்க வேண்டும், அவ்வளவே. தொடங்கும் நிலையில் எது உலாவியின் சொல், எது நாமாக வைத்த பெயர் என்று குழம்பாமல் இருக்க இது பேருதவி.

இந்தப் பெட்டிக்குள் மூன்று இணைப்புகளை அடுத்தடுத்து எழுதுங்கள். இணைப்புக்குரிய குறிச்சொல் ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்து. அது எங்கே போக வேண்டும் என்பதை அதன் ‘ஹெச்ரெஃப்’ பண்பில் தர வேண்டும். ஒவ்வோர் இணைப்பும் திறந்து மூடுவதற்கு இடையில் ‘ஐஎம்ஜி’ குறிச்சொல்லால் அதற்குரிய படத்தை வையுங்கள். படத்துக்கு நான்கு பண்புகள் தேவை: கோப்பின் முகவரிக்கு ‘எஸ்ஆர்சி’, அகலத்துக்கு ‘விட்த்’, உயரத்துக்கு ‘ஹைட்’, மாற்று எழுத்துக்கு ‘ஆல்ட்’. அகலத்தையும் உயரத்தையும் 1600, 600 என்று குறிப்பிட்டுவிட்டால், படம் இறங்குவதற்கு முன்பே உலாவி அந்த விகிதத்தில் இடத்தை ஒதுக்கிவைக்கும். கடைசியாக, முதல் இணைப்புக்கு மட்டும் ‘தெரிவது’ என்று ஒரு கிளாஸ் பெயரைச் சேர்த்துவிடுங்கள். ஜாவாஸ்கிரிப்ட் ஏதோ காரணத்தால் ஓடாமல் போனாலும் முதல் படமும் அதன் இணைப்பும் பக்கத்தில் இருப்பதற்கு இந்த ஒரு சொல் உறுதி.

‘ஆல்ட்’ பண்பைப் பெரும்பாலோர் ஒப்புக்கு நிரப்புகிறார்கள். சாதாரணப் படமானால் அதில் படத்தின் விவரம் இருக்க வேண்டும். ஆனால் இணைப்புக்குள் எழுத்து எதுவும் இல்லாமல் படம் மட்டுமே இருக்கும்போது அந்த ஆல்ட் எழுத்தே இணைப்பின் பெயராகிறது. திரைவாசிப்பான் அதைத்தான் வாசித்துக்காட்டும். ‘அலமாரியில் புத்தகங்கள்’ என்று எழுதினால் கேட்பவருக்கு எங்கே போகப்போகிறோம் என்பது தெரியாது. ‘புதிதாக வந்த நூல்களின் பட்டியல்’ என்று எழுதினால் தெரியும். படத்துக்குக் கீழே அதே தலைப்பை எழுத்தாக வைத்திருந்தால் ஆல்ட் பண்பை வெறுமையாக விடலாம், இல்லையென்றால் ஒரே சொல் இருமுறை ஒலிக்கும்.

ஹெச்ரெஃப் பண்பில் நிகழும் ஒரு தவறைத் தனியே சொல்ல வேண்டும். வேறொரு தளத்துக்கு இணைப்புத் தரும்போது முகவரியை மூன்று டபிள்யூவில் தொடங்கி எழுதி, முன்னால் வர வேண்டிய ‘எச்டிடிபிஎஸ்’ பகுதியையும் முக்காற்புள்ளியையும் இரட்டைச் சாய்கோட்டையும் விட்டுவிடுவார்கள். உலாவியின் முகவரிப் பட்டையில் அப்படித் தட்டினால் திறக்கிறதே என்பது அவர்களின் நியாயம். ஆனால் பக்கத்துக்குள் எழுதும்போது உலாவி அதை உங்கள் தளத்திலேயே உள்ள ஒரு கோப்பின் பெயர் என்று எடுத்துக்கொண்டு, இல்லாத பக்கத்தைத் தேடிப்போய் 404 என்ற பிழையைக் காட்டும்.

இரண்டாம் படி: ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குதல்

இப்போது பக்கத்தைத் திறந்தால் மூன்று படங்களும் தனித்தனியே பரவிக் கிடக்கும். இவற்றை ஒரே இடத்தில் சீட்டுக்கட்டு போல அடுக்க வேண்டும். இந்தப் படி முழுவதும் சிஎஸ்எஸ்ஸில் எழுத வேண்டியது. ‘பேனர்’ பெட்டியின் ‘டிஸ்பிளே’ பண்புக்குக் ‘கிரிட்’ என்ற மதிப்பைத் தாருங்கள். உள்ளே இருக்கும் ஒவ்வோர் இணைப்புக்கும் ‘கிரிட்-ஏரியா’ பண்பாக 1 / 1 என்று கொடுங்கள். மூன்றும் முதல் வரிசை, முதல் நெடுவரிசை என்ற ஒரே கட்டத்தில் வந்து அமர்ந்துகொள்ளும். பழைய முறையில் ‘பொசிஷன் ஆப்சல்யூட்’ கொடுத்து அடுக்கும்போது பெட்டி தன் உயரத்தை இழந்து சப்பையாகிவிடும். கிரிட் முறையில் அந்தத் தொல்லை இல்லை. படங்களுக்கு அகலம் 100%, உயரம் ‘ஆட்டோ’, டிஸ்பிளே ‘பிளாக்’ என்று கொடுங்கள். கடைசியில் சொன்ன பிளாக் இல்லாவிட்டால், உலாவி படத்தை ஓர் எழுத்தைப் போலக் கருதி, அதன் அடியில் சில பிக்சல் வெற்றிடத்தை விட்டுவைக்கும்.

அடுத்து, ‘தெரிவது’ என்ற கிளாஸ் உள்ள இணைப்பு மட்டும் தெரிய வேண்டும், மற்றவை மறைய வேண்டும். இங்கேதான் நான் ஒருமுறை நன்றாக மாட்டிக்கொண்டேன். மெல்ல மங்கி மறையும் அழகுக்காக, மறைய வேண்டியவற்றுக்கு ‘ஒப்பாசிட்டி’ 0 என்றும் தெரிய வேண்டியதற்கு 1 என்றும் மட்டும் கொடுத்தேன். கண்ணுக்கு எல்லாம் சரியாக இருந்தது. படங்கள் பனி விலகுவது போல மாறின. ஓர் அமைப்பின் தளத்தில் அதை ஏற்றிச் சில நாள் கழித்து, “எதைத் தொட்டாலும் நன்கொடைப் பக்கம்தான் திறக்கிறது, இப்படியா பணம் கேட்பது?” என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். நன்கொடைப் படம்தான் வரிசையில் கடைசி. ஒப்பாசிட்டி 0 ஆனால் படம் கண்ணுக்குத் தெரியாதே தவிர, அந்த இடத்தை விட்டு அகலுவதில்லை. கண்ணாடித் தகடு போல எல்லாவற்றுக்கும் மேலே படுத்துக்கொண்டு வரும் சொடுக்குகளையெல்லாம் தானே வாங்கிக்கொள்கிறது. எச்டிஎம்எல்லில் கடைசியாக எழுதப்பட்டதே அடுக்கில் மேலே இருக்கும் என்பதால், கடைசி இணைப்பே எப்போதும் வெல்கிறது.

இதற்கு மருந்து ‘விசிபிலிட்டி’ என்ற பண்பு. பேனருக்குள் உள்ள எல்லா இணைப்புகளுக்கும் பொதுவாக ஒப்பாசிட்டி 0, விசிபிலிட்டி ‘ஹிடன்’ என்று கொடுங்கள். ‘தெரிவது’ கிளாஸ் உள்ளதற்கு ஒப்பாசிட்டி 1, விசிபிலிட்டி ‘விசிபிள்’, ‘இசட்-இண்டெக்ஸ்’ 1 என்று கொடுங்கள். ஹிடன் ஆன இணைப்பு சொடுக்கையும் வாங்காது, டேப் விசையை அழுத்தி வருபவரின் வழியிலும் குறுக்கிடாது. மங்கி மாறும் விளைவுக்கு, ‘டிரான்சிஷன்’ பண்பில் ஒப்பாசிட்டி, விசிபிலிட்டி இரண்டையும் சேர்த்து 0.6 விநாடி என்று எழுதுங்கள். விசிபிலிட்டியை விட்டுவிட்டால் பழைய படம் மங்காமல் சட்டென்று வெட்டுப்பட்டு மறையும். அந்த 0.6 விநாடியில் பழையதும் புதியதும் இரண்டுமே திரையில் இருக்கும் அல்லவா, அப்போது சொடுக்கு யாருக்குப் போக வேண்டும் என்பதைத் தீர்க்கவே இசட்-இண்டெக்ஸ். புதிதாக வருவது மேலே நிற்கும், சொடுக்கும் அதற்கே போகும்.

மூன்றாம் படி: சுழற்சி

ஜாவாஸ்கிரிப்ட் செய்ய வேண்டிய வேலை மிகவும் சிறியது: ‘தெரிவது’ என்ற கிளாஸை ஓர் இணைப்பிலிருந்து எடுத்து அடுத்ததற்கு மாட்டுவது. படத்தின் முகவரியையோ இணைப்பின் முகவரியையோ அது தொடவே தொடாது.

‘டாக்குமென்ட்’ பொருளின் ‘குவெரிசெலக்டர்ஆல்’ என்ற கட்டளைக்கு (செலக்டர், ஆல் ஆகிய இரு சொற்களின் முதலெழுத்து பேரெழுத்தில் வரும்) புள்ளியிட்டுப் பேனர் என்ற கிளாஸையும், ஓர் இடைவெளி விட்டு ‘ஏ’ என்ற குறிச்சொல்லையும் கொடுத்தால், பேனருக்குள் இருக்கும் இணைப்புகள் எல்லாம் ஒரு பட்டியலாகக் கிடைக்கும். அதைச் ‘சிலைடுகள்’ என்ற பெயரில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எது தெரிகிறது என்பதை நினைவில் கொள்ள ‘எண்’ என்ற மாறியை 0 என்ற மதிப்போடு தொடங்குங்கள். ஜாவாஸ்கிரிப்ட் பட்டியல்களை 0 முதலே எண்ணும், ஆகவே நம் மூன்று சிலைடுகள் 0, 1, 2.

அடுத்து ‘காட்டு’ என்ற ஃபங்ஷனை, அதாவது பெயர் சொல்லி வேண்டும்போது அழைக்கக்கூடிய நிரல் துண்டை, எழுதுங்கள். அது பெற வேண்டியது ஓர் எண். முதலில் இப்போது தெரியும் சிலைடிலிருந்து ‘தெரிவது’ கிளாஸை நீக்கும். பிறகு வந்த எண்ணோடு சிலைடுகளின் மொத்த எண்ணிக்கையைக் கூட்டி, அதே எண்ணிக்கையால் வகுத்து, மீதியை ‘எண்’ மாறியில் வைக்கும். கடைசியாகப் புதிய எண்ணுக்குரிய சிலைடுக்கு அந்தக் கிளாஸைச் சேர்க்கும். மீதி காண்பதற்கான குறி %. கடைசிச் சிலைடான 2 முடிந்ததும் 3-ஐக் காட்டு என்று அழைத்தால், (3 + 3) % 3 என்பது 0. பேனர் முதல் படத்துக்குத் திரும்பிவிடும். முதல் சிலைடில் இருந்துகொண்டு பின்னோக்கிப் போனால் (-1 + 3) % 3 என்பது 2. கடைசிப் படம் வரும். மொத்தத்தைக் கூட்டாமல் -1 % 3 என்று மட்டும் எழுதினால் ஜாவாஸ்கிரிப்ட் -1 என்றே விடை தரும், அந்த எண்ணில் சிலைடு ஏதும் இல்லாததால் நிரல் நின்றுவிடும். எண்ணிக்கையை 3 என்று கையால் எழுதாமல் பட்டியலின் ‘லெங்த்’ பண்பிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

குறித்த நேரத்துக்கு ஒருமுறை அடுத்த எண்ணோடு ‘காட்டு’ ஃபங்ஷனை அழைக்கும் கடிகாரத்துக்கு ‘செட்இன்டர்வல்’ (இன்டர்வல் என்பதன் முதலெழுத்து பேரெழுத்து). அது நேரத்தை மில்லிவிநாடியில் கேட்கும். 6 விநாடிக்கு 6000. நான் 6-க்குக் குறைப்பதில்லை. மூன்று விநாடியில் மாறும் பேனரைப் பார்த்து, படித்து, முடிவெடுத்து, சுட்டியை அதுவரை நகர்த்தும் வேகம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கடிகாரத்தை ‘ஓட்டு’ என்ற ஃபங்ஷனுக்குள்ளும், அதை நிறுத்தும் ‘கிளியர்இன்டர்வல்’ கட்டளையை ‘நிறுத்து’ என்ற ஃபங்ஷனுக்குள்ளும் வைத்து, ஓட்டு தன் முதல் வரியாக நிறுத்துவை அழைக்கும்படி எழுதுங்கள். இது தேவையற்ற பணிவு போலத் தோன்றும். ஆனால் ஓடும் கடிகாரத்தை நிறுத்தாமல் இன்னொன்றைத் தொடங்கிவிட்டால் இரண்டும் சேர்ந்து பேனரைத் தள்ளும். பக்கத்தில் இருக்க இருக்கப் பேனர் வேகமெடுத்துக்கொண்டே போகிறது என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் காரணம் இதுவே.

நிரலைத் தனிக் கோப்பாக வைத்திருந்தால், அதை அழைக்கும் ‘ஸ்கிரிப்ட்’ குறிச்சொல்லில் ‘டிஃபர்’ என்ற பண்பைச் சேர்க்க மறவாதீர்கள். இல்லையேல் பக்கத்தின் தலைப்பகுதியில் உள்ள நிரல், பேனர் பிறப்பதற்கு முன்பே ஓடி, பட்டியலில் எதுவும் இல்லை என்று பிழை காட்டும். பிழைச் செய்திகளைப் பார்க்க உலாவியில் எஃப்12 விசையை அழுத்திக் ‘கன்சோல்’ பகுதியைத் திறந்துகொள்ளுங்கள்.

நிறுத்தும் உரிமை

தானாக நகரும் எதையும் பார்ப்பவர் நிறுத்த முடிய வேண்டும். இது வெறும் மரியாதை மட்டுமில்லை. தானாகத் தொடங்கி, மற்ற உள்ளடக்கத்தோடு சேர்ந்து 5 விநாடிக்கு மேல் நகர்ந்துகொண்டிருக்கும் எதற்கும் நிறுத்தவோ மறைக்கவோ வழி இருக்க வேண்டும் என்று உலகளாவிய வலைக் கூட்டமைப்பான டபிள்யூ3சி வெளியிட்ட அணுகல் வழிகாட்டுதலின் 2.2.2 எண் விதி கூறுகிறது. 2008-இல் வந்த பதிப்பிலிருந்தே இந்த விதி இருக்கிறது.

பேனருக்குக் கீழே, அந்தப் பெட்டிக்கு வெளியே, ‘முந்தையது’, ‘நிறுத்து’, ‘அடுத்தது’ என்று மூன்று ‘பட்டன்’ குறிச்சொற்களை வையுங்கள். படத்தின் மேலேயே பொத்தான் இருந்தால் அழகுதான். ஆனால் பொத்தானை இணைப்புக்குள் வைப்பதை எச்டிஎம்எல் விதிகள் ஏற்பதில்லை, அப்படி வைத்தால் அம்புக்குறியை அழுத்தியவர் வேறு பக்கத்துக்கே போய்விடும் அபாயமும் உண்டு. அம்புப் பொத்தானை அழுத்தும்போது சிலைடை மாற்றியதோடு, கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தால் அதைப் புதிதாகத் தொடங்கவும் வேண்டும். இல்லாவிட்டால் ஒருவர் விரும்பி வரவழைத்த படம் அரை விநாடியில் நழுவிப்போகலாம்.

சுட்டி பேனரின் மேல் இருக்கும்போதும், டேப் விசையால் இணைப்பில் நிற்கும்போதும் சுழற்சி தானே நிற்க வேண்டும். ‘மவுஸ்என்டர்’, ‘ஃபோகஸ்இன்’ நிகழ்வுகளில் நிறுத்துவையும், ‘மவுஸ்லீவ்’, ‘ஃபோகஸ்அவுட்’ நிகழ்வுகளில் ஓட்டுவையும் அழைத்தால் போதும். பயனர் பொத்தானை அழுத்தி நிறுத்தியிருந்தால் மட்டும், சுட்டி விலகியதும் மறுபடி ஓடக்கூடாது. அதற்கென்று ‘பயனர்நிறுத்தினார்’ என்று ஒரு மாறியை வைத்து, ஓட்டு ஃபங்ஷன் அதைப் பார்த்துவிட்டே தொடங்கும்படி செய்யுங்கள். தம் கணினியிலோ கைபேசியிலோ அசைவுகளைக் குறைக்கும்படி அமைத்திருப்பவர்களும் உண்டு, தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அது அவசியம். ‘பிரிஃபர்ஸ்-ரெட்யூஸ்ட்-மோஷன்’ என்ற அமைப்பை ‘மேட்ச்மீடியா’ (மீடியா என்பதன் முதலெழுத்து பேரெழுத்து) மூலம் கேட்டு, அது இருந்தால் கடிகாரத்தைத் தொடங்காமலே விட்டுவிடுங்கள். அம்புப் பொத்தான்கள் அவர்களுக்குப் போதும்.

நிரல் எழுதாமல் செய்ய விரும்பினால்

வேர்ட்பிரஸ் தளம் வைத்திருப்பவர்கள் சிலைடர் செருகுநிரல் ஒன்றை நிறுவி முடித்துக்கொள்ளலாம். தேர்ந்தெடுக்கும் முன் ஒன்றை மட்டும் பாருங்கள்: ஒவ்வொரு படத்தின் அமைப்பிலும் இணைப்புக்கான தனிக் கட்டம் இருக்கிறதா? படத்தொகுப்புக்கென்று உருவான செருகுநிரல்கள் சிலவற்றில் சொடுக்கினால் அதே படம் பெரிதாகத் திறக்குமே தவிர வேறெங்கும் போகாது. பிளாகரில் தளவமைப்புப் பகுதிக்குச் சென்று எச்டிஎம்எல்/ஜாவாஸ்கிரிப்ட் என்ற கேட்ஜெட்டைச் சேர்த்து, மேலே செய்த மூன்று பகுதிகளையும் அதற்குள் ஒன்றாக ஒட்டலாம். விரலால் தள்ளி நகர்த்தும் வசதி வேண்டுமென்றால் ஸ்வைப்பர், ஸ்ப்லைடு போன்ற திறமூல நிரல்தொகுப்புகள் உண்டு. அவற்றிலும் ஒவ்வொரு சிலைடுக்குள்ளும் தனி இணைப்பை வைத்து, அதற்குள் படத்தை வைப்பதே முறை.

சோதனை

கோப்பை இருமுறை சொடுக்கி நேரடியாக உலாவியில் திறந்து சோதிப்பது பாதி சோதனைதான். சாய்கோட்டில் தொடங்கும் உள்முகவரிகள் அப்போது தளத்தின் வேரைக் குறிக்காமல் உங்கள் வட்டின் வேரைக் குறிக்கும். சரியான இணைப்பும் தவறானது போலத் தெரியும். விஷுவல் ஸ்டூடியோ கோடு பயன்படுத்துபவர்கள் லைவ் சர்வர் என்ற நீட்சியைப் போட்டுக்கொண்டால் கணினியிலேயே சர்வர் சூழல் கிடைத்துவிடும்.

ஒவ்வொரு படத்தையும் அது நிலையாக இருக்கும்போது ஒருமுறையும், மாறிய மறுநொடியில் ஒருமுறையும் சொடுக்கிப் பாருங்கள். முதல் வகையில் முகவரித் தவறும் இரண்டாம் வகையில் அடுக்குத் தவறும் வெளிப்படும். சுட்டியைத் தொடாமல் டேப் விசையை அழுத்திக்கொண்டே வாருங்கள்: பேனரில் ஒரே ஓர் இணைப்பில் நின்று, அடுத்து பொத்தான்களுக்குப் போக வேண்டும். மூன்று முறை பேனருக்குள்ளேயே நின்றால் விசிபிலிட்டியை எங்கோ விட்டுவிட்டீர்கள். எஃப்12 பலகையின் ‘நெட்வொர்க்’ பகுதியில் வேகத்தைக் குறைத்து வைத்துப் பக்கத்தை மீண்டும் திறந்து, மெதுவான இணைய வேகத்தில் முதல் படம் எப்போது வருகிறது என்பதையும் கவனியுங்கள். தாமதமானால் முதல் படத்துக்கு ‘ஃபெட்ச்பிரையாரிட்டி’ பண்பை ‘ஹை’ என்று கொடுக்கலாம். மற்ற இரண்டுக்கும் ‘லேசி’ என்று கொடுத்துத் தள்ளிப்போடலாமே என்று தோன்றும். நம் அடுக்கில் அவை மறைந்திருந்தாலும் திரையின் எல்லைக்குள் இடம் பிடித்திருப்பதால், உலாவி அவற்றையும் உடனே இறக்கத் தொடங்கிவிடும், பலன் இருக்காது.

எந்தப் படம் எத்தனை முறை சொடுக்கப்படுகிறது என்று எண்ண விரும்புபவர்கள், விளம்பரங்களில் ஒட்டும் யூடிஎம் குறிகளைத் தம் தளத்துக்குள்ளேயே போகும் இணைப்புகளில் ஒட்ட வேண்டாம். வருகையாளர் முதலில் எங்கிருந்து வந்தார் என்ற பதிவை அது கலைத்துவிடும். பகுப்பாய்வுக் கருவியில் சொடுக்கு நிகழ்வாகப் பதிவதே சரி.

அடுத்த மாதம் நான்காவது படம் ஒன்றைச் சேர்க்க வேண்டி வரும். எச்டிஎம்எல்லில் இன்னோர் இணைப்பையும் அதற்குள் ஒரு படத்தையும் எழுதிச் சேமியுங்கள். சிஎஸ்எஸ்ஸையோ ஜாவாஸ்கிரிப்டையோ திறக்க வேண்டியதில்லை. லெங்த் தானாக 4 ஆகிவிடும், மீதிக் கணக்கு அதற்கேற்ப ஓடும்.